1966-இல் எடுத்த தொடர் பளிச்சிடுகிறது, 1993-இல் எடுத்தது மங்குகிறது: ஏன்?

முதலில் ஒரு புதிர். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரின் முதல் வரிசை 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானது. இன்று அதைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் நடிகர்களின் சட்டைத் துணியில் நெசவு வரை தெரிகிறது. அதே குடும்பத்தில் பிறந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' 1993-இல் தொடங்கி 1999-இல் முடிந்தது. 27 ஆண்டுகள் இளைய பிள்ளை. அதே திரையில் அதைப் போட்டால் மூடுபனிக்குள் ஆட்கள் நடமாடுவதுபோல இருக்கிறது. அண்ணன் வாலிபனாக நிற்கிறான், தம்பிக்குப் பார்வை மங்கிவிட்டது.

இத்தனைக்கும் இரண்டுமே சினிமாவுக்குப் பயன்படும் 35 எம்.எம். ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அப்படியிருந்தும் முதலாவது எச்டியில் கிடைக்கிறது; இரண்டாவதற்கு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டால், உங்களுக்குப் பிடித்த எந்தப் பழைய தொடருக்கும் எச்டி யோகம் உண்டா இல்லையா என்பதை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம்.

பழைய தொலைக்காட்சிப் படம் எவ்வளவு சிறியது என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்திய என்டிஎஸ்சி முறையில் ஒரு படம் 525 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றில் கண்ணுக்குப் படமாகத் தெரிபவை சுமார் 480. டிவிடியில் அது 720-க்கு 480 புள்ளிகளாகப் பதிவாகிறது: மொத்தம் 3,45,600. முழு எச்டி என்பது 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஆறு மடங்கு. 4கே திரையில் இருப்பவை 82,94,400 புள்ளிகள், 24 மடங்கு. பழைய டிவிடியைப் புதிய தொலைக்காட்சியில் போடும்போது, இல்லாத புள்ளிகளையெல்லாம் பெட்டி அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தானாக நிரப்பிக்கொள்கிறது. பால்காரர் தண்ணீர் சேர்ப்பதைப் போலத்தான். அளவு கூடும், சத்து கூடாது.

"அந்தக் காலத்தில் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது. பிக்சர் டியூப் பெட்டியின் திரை சிறியது. அதில் ஒவ்வொரு கோடும் லேசாகக் கசிந்து அடுத்த கோட்டோடு கலந்துவிடும். குறைகளை மறைக்கும் அந்தக் கருணை தட்டைத் திரைக்குக் கிடையாது.

அப்படியானால் ரீமாஸ்டர் என்பது என்ன? இருக்கும் படத்தை இழுத்துப் பெரிதாக்குவது அல்ல. ஒளிபரப்புக்குப் போன பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கும் முந்தைய மூலத்துக்குப் போய், அங்கிருந்து புதிய பிரதி எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒளிபரப்பான பிரதியைவிட மேலான மூலம் ஒன்று எங்காவது இருக்கிறதா?

ஃபிலிமா, டேப்பா?

ஃபிலிமில் புள்ளிக் கணக்கு கிடையாது. ஒளிபட்டு மாறும் நுண்ணிய துகள்கள்தான் அங்கே படத்தை உருவாக்குகின்றன. ஒழுங்காக எடுக்கப்பட்ட 35 எம்.எம். நெகட்டிவில் எச்டிக்குத் தேவையானதைவிட அதிகமான விவரம் பதிந்திருக்கும். இன்று அவற்றை 4கே அளவில் ஸ்கேன் செய்வது வழக்கமாகிவிட்டது. வீடியோ டேப் வேறு சாதி. கேமரா பார்த்த காட்சி அந்த நொடியிலேயே 525 அல்லது (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களில்) 625 கோடுகளாக வெட்டப்பட்டு மின்குறியாகப் பதிகிறது. அதற்கு மேல் அந்த டேப்பில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எத்தனை முறை தோண்டினாலும் வராது.

ஆகவே ஒரு தொடரின் ஆயுள், அது படமாக்கப்பட்ட முதல் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் எதிர்காலத்தை நினைத்துத் தீர்மானிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 1951-இல் தொடங்கியபோது நேரடி ஒளிபரப்பின் மையம் நியூயார்க். தயாரிப்பும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதில் நடித்த லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி அர்னாஸும் லாஸ் ஏஞ்சலிஸை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பினால், கிழக்குப் பகுதி மக்களுக்குத் தொலைக்காட்சித் திரையையே ஃபிலிம் கேமராவால் படம்பிடித்த மங்கலான பிரதிதான் கிடைக்கும். அதைத் தவிர்க்க, பார்வையாளர்களை உட்காரவைத்து மூன்று 35 எம்.எம். கேமராக்களால் படமாக்கினார்கள். கூடுதல் செலவுக்காகத் தங்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு அந்த ஃபிலிம்களின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீடு மாற மனமில்லாத ஒரு தம்பதியின் பிடிவாதத்தால், 70 ஆண்டுகளுக்கு முந்தைய நகைச்சுவை இன்றும் துல்லியமாகக் கிடைக்கிறது. அவர்கள் தொடங்கிய டெசிலு நிறுவனம்தான் பின்னர் 1966-இல் 'ஸ்டார் டிரெக்'கையும் தயாரித்தது என்பது கொசுறுச் செய்தி.

எதிர்த்திசையிலும் உதாரணங்கள் உண்டு. 'தி ட்வைலைட் ஜோன்' ஃபிலிமில் எடுத்த தொடர். செலவைக் குறைக்க இரண்டாம் பருவத்தில் ஆறு அத்தியாயங்களை மட்டும் டேப்பில் எடுத்துப் பார்த்தார்கள். எச்டி படத்துக்கான ப்ளூரே வட்டில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், அந்த ஆறும் வந்ததும் நம் கண்ணாடியை யாரோ கழற்றிவிட்டதுபோல இருக்கும். 1980-களில் 'சியர்ஸ்' ஃபிலிமில் எடுக்கப்பட்டது, 'தி கோல்டன் கேர்ள்ஸ்' டேப்பில். ஒரே காலம், ஒரே வகை நகைச்சுவை. ஆனால் எச்டி உலகில் இரண்டின் தலையெழுத்தும் வேறு.

பிரிட்டனில் இரண்டையும் கலந்து பயன்படுத்தினார்கள். அரங்கத்துக்குள் டேப், வெளிப்புறத்தில் 16 எம்.எம். ஃபிலிம். கதாபாத்திரம் கதவைத் திறந்து தெருவுக்கு வந்ததும் படத்தின் சுபாவமே மாறிவிடும். 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் பழைய கதைகள் பெரும்பாலும் இந்தக் கலவைதான். 1970-இல் வந்த ஒரு கதை மட்டும் விதிவிலக்கு. அரங்கத்தில் ஏற்பட்ட தொழிலாளர் பிரச்சினையால் 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' முழுவதையும் ஃபிலிமிலேயே எடுக்க நேர்ந்தது. 2013-இல் அது அசல் எச்டி தரத்தில் ப்ளூரேயாக வந்தது. அன்று தலைவலியாக இருந்த வேலைநிறுத்தத்துக்கு இன்று ரசிகர்கள் நன்றி சொல்கிறார்கள்.

படம் ஒரு பெட்டியில், தொடர் இன்னொரு பெட்டியில்

இப்போது நம் புதிருக்கு வருவோம். 'டீப் ஸ்பேஸ் நைன்' ஃபிலிமில்தானே எடுக்கப்பட்டது? பிறகென்ன தடை?

1960-களில் ஃபிலிமில் எடுத்த தொடரை ஃபிலிமிலேயே வெட்டி ஒட்டினார்கள். விண்கலம் பறக்கும் தந்திரக் காட்சிகளையும் ஃபிலிமிலேயே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்துச் சேர்த்தார்கள். கடைசியில் கையில் இருப்பது ஓர் அத்தியாயம் முழுவதும் வரிசையாக அடங்கிய நெகட்டிவ். அதை ஸ்கேன் செய்தால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. 'ஸ்டார் டிரெக்' முதல் வரிசையை 2006-இல் புதுப்பித்தபோது அதுதான் நடந்தது. பழைய தந்திரக் காட்சிகளுக்குப் பதிலாகப் புதிய கணினிக் காட்சிகளையும் அப்போது செய்து சேர்த்தார்கள். பழசே போதும் என்பவர்களுக்காக ப்ளூரேயில் இரண்டையும் வைத்தது நல்ல மனது.

1980-களின் நடுவில் எடிட்டிங் அறையின் வழக்கம் மாறியது. ஃபிலிமில் எடுப்பார்கள், கழுவுவார்கள், உடனே டேப்புக்கு மாற்றிவிடுவார்கள். வெட்டுவது, ஒட்டுவது, தந்திரக் காட்சிகளைச் சேர்ப்பது, நிறம் திருத்துவது, எழுத்து போடுவது எல்லாம் டேப்பில். வேகமாக முடியும், செலவும் குறைவு. ஒளிபரப்பப் போவது 525 கோடுகள்தான் என்னும்போது அதற்கு மேல் எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. நெகட்டிவ் அப்படியே பெட்டிக்குள் போனது. வெட்டப்படாமல், வரிசைப்படுத்தப்படாமல், சொதப்பிய டேக்குகளும் சேர்ந்து.

இங்கேதான் ரசிகர்கள் பலரும் இடறுகிறார்கள். "35 எம்.எம். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் போதாதா?" என்கிறார்கள். நெகட்டிவில் இருப்பது படம், தொடர் அல்ல. எந்த டேக்கின் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எடுத்தார்கள், எதற்குப் பிறகு எதை வைத்தார்கள், வானத்தின் நிறம் என்ன, கதிர்த்துப்பாக்கியின் ஒளி எங்கே பாய்ந்தது என்ற முடிவுகளெல்லாம் டேப்பில் மட்டுமே இருக்கின்றன. ஸ்கேன் செய்தபின் அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அரிசியும் பருப்பும் கைவசம் இருப்பதாலேயே பந்தி போட்டுவிட முடியாது.

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987–1994) விஷயத்தில் இந்த வேலையைச் செய்தே காட்டினார்கள். 25,000-க்கும் மேற்பட்ட ஃபிலிம் சுருள்களிலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்து, பழைய டேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்தினார்கள். ஏழு பருவங்கள். ப்ளூரே வெளியீடு 2012-இல் தொடங்கி 2014 இறுதியில் முடிந்தது. விண்கலக் காட்சிகளில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. கலத்தின் மாதிரியை நிஜமாகவே செய்து, உடலுக்கு ஒரு முறை, விளக்குகளுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக ஃபிலிமில் எடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் இருந்ததால் எச்டியில் மறுபடி சேர்க்க முடிந்தது. கதிர்த்துப்பாக்கியின் ஒளி போன்றவற்றைப் புதிதாக உருவாக்கினார்கள். ஒருசில நொடிகளுக்கு நெகட்டிவ் கடைசிவரை அகப்படவில்லை. அந்த இடங்களில் டேப் படத்தையே பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் தையல் தெரியும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மற்ற நொடிகளுக்கெல்லாம் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தையல் தெரியும் இடத்தில்தான் உறைக்கிறது.

என் கணிப்பில் பழைய தொலைக்காட்சிக்கு இதுவரை யாரும் செய்த மரியாதைகளில் இதுதான் மிகப் பெரியது. துரதிர்ஷ்டவசமாக, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்று அதில் பங்குகொண்டவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். மக்கள் வட்டு வாங்குவதை விட்டு இணையச் சந்தாவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

கணினியில் பிறந்த கப்பல்கள்

'டீப் ஸ்பேஸ் நைன்' இன்னொரு படி சிக்கலானது. ஆரம்பப் பருவங்களில் மாதிரிகளை வைத்து எடுத்தவர்கள், பிற்பாடு பெரும் போர்க் காட்சிகளைக் கணினியிலேயே உருவாக்கினார்கள். அந்தக் கப்பல்கள் ஃபிலிமைப் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சி அளவிலேயே பிறந்து டேப்புக்குப் போனவை. அவற்றுக்கு எச்டி மூலம் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. அன்றைய கணினிக் கோப்புகள் கிடைத்தால், அவற்றை இன்றைய மென்பொருளில் திறக்க முடிந்தால், மறுபடி உருவாக்கலாம். கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

முடியாத காரியமா என்றால், இல்லை. அந்தத் தொடரைப் பற்றி ரசிகர்களின் நிதியுதவியோடு எடுக்கப்பட்ட 'வாட் வி லெஃப்ட் பிஹைண்ட்' ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளை நெகட்டிவிலிருந்து எச்டியில் ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். பார்த்தவர்களுக்குப் பெருமூச்சுதான் மிஞ்சியது. எவ்வளவு அழகான ஒளிப்பதிவு டேப்புக்குள் புதைந்து கிடக்கிறது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிட்டன. முழுத் தொடருக்கு அது இன்னும் நடக்கவில்லை. 1995 முதல் 2001 வரை வந்த 'வாயேஜர்' தொடரும் அதே வரிசையில் நிற்கிறது.

'பாபிலோன் 5' இடைப்பட்ட வழியொன்றைக் காட்டியது. தொலைக்காட்சியில் கணினிக் காட்சிகளைத் துணிந்து பயன்படுத்திய முன்னோடித் தொடர் அது. ஆரம்பத்தில் அமிகா என்ற அக்கால வீட்டுக் கணினிகளில் விண்கலங்களை உருவாக்கினார்கள். 2021-இல் வந்த அதன் புதிய பதிப்பில், நடிகர்கள் பேசும் காட்சிகள் ஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டவை. கணினிக் காட்சிகள் மட்டும் பெரிதாக்கப்பட்டவை. கூர்மையான முகத்திலிருந்து மெத்தென்ற விண்வெளிக்குத் தாவும்போது கண் கொஞ்சம் தடுக்கும். எல்லாம் சரியாக வரும்வரை எதுவும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அவசர ரீமாஸ்டரின் ஆபத்து

கிடைத்துவிட்டாலே கொண்டாட்டம் என்றும் சொல்ல முடியாது. பழைய திரையின் நீள அகலம் 4:3. இன்றைய திரை 16:9. பக்கங்களில் கறுப்புப் பட்டை விட்டு அசல் வடிவத்தில் காட்டுவதே முறை. ஆனால் திரை முழுக்க நிரம்ப வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது? மேலும் கீழும் வெட்டுகிறார்கள். அல்லது நெகட்டிவின் ஓரங்களில், காட்டுவதற்காக அல்லாமல் பதிந்திருந்த பகுதியைத் திறந்துவிடுகிறார்கள். முதல் வழியில் 'சைன்ஃபெல்ட்' தொடரில் சாலைக் குழியைப் பற்றிய நகைச்சுவையில் குழியே திரைக்கு வெளியே போய்விட்டது. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் வழியில் 'ஃபிரண்ட்ஸ்' காட்சிகளின் ஓரத்தில், நடிகருக்குப் பதிலாக நிற்கும் வேறு ஆளின் முகம் எட்டிப் பார்க்கிறது.

இதில் பெரிதாக அடிபட்டது 'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்' (1997–2003). 2014-இல் ஒளிபரப்பான அதன் எச்டி வடிவத்தில் படப்பிடிப்புக் குழுவினரும் கருவிகளும் ஓரங்களில் தெரிந்தன. அதைவிட மோசம், இரவுக் காட்சிகள் பட்டப்பகலாகிவிட்டன. பகலில் எடுத்துவிட்டு, நீலச் சாயம் ஏற்றி இரவாக்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. அந்தச் சாயம் டேப்பில்தான் இருந்தது, நெகட்டிவில் இல்லை. நெகட்டிவுக்குத் திரும்பிப் போனவர்கள் அதை மறுபடி ஏற்ற மறந்தார்கள். வெயில் பட்டால் சாம்பலாகும் இரத்தக் காட்டேரிகள் பளீர் வெளிச்சத்தில் நிற்கின்றன! அந்தத் தொடரின் ரசிகர்கள் இன்று கேட்பது வெறும் எச்டியை அல்ல, ஒழுங்கான எச்டியை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்பீர்கள். டேப்பில் மட்டுமே இருக்கும் தொடர்களுக்கு வேறு வழியில்லாதபோது அது உதவும். அளவாகப் பயன்படுத்தினால் நன்றாகவே உதவும். ஆனால் அது தொலைந்த விவரத்தை மீட்பதில்லை, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று யூகித்து வரைகிறது. அண்மைக் காட்சியில் முகம் அழகாகத்தான் வரும். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கு மூன்று கண் முளைக்கும், சுவரொட்டியின் எழுத்து உலகில் இல்லாத மொழியாகும், தோல் மெழுகாகும். இதை ரீமாஸ்டர் என்று விற்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. யூகம் என்றே சொல்லி விற்கட்டும்.

கடைசியாகப் பாட்டு உரிமை என்ற கண்ணுக்குத் தெரியாத முள். பழைய தொடர்களில் பின்னணியில் ஒலிக்கும் பிரபலப் பாடல்களுக்கான அனுமதி அன்றைய ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கப்பட்டிருக்கும். 1978-இல் தொடங்கிய, வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்ட 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்ற நகைச்சுவைத் தொடரை டேப்பில் எடுத்ததற்கு ஒரு காரணமே, டேப் நிகழ்ச்சிகளுக்குப் பாடல் கட்டணம் குறைவு என்பதுதான். பின்னாளில் மறுவெளியீடு செய்தபோது அந்தப் பாடல்கள் பலவற்றை எடுத்துவிட்டு வேறு இசை வைக்க வேண்டியதாயிற்று. பாட்டுக்காகப் படத்தின் தரத்தை விட்டார்கள். கடைசியில் பாட்டும் போயிற்று.

உங்கள் அபிமானத் தொடருக்கு என்ன வாய்ப்பு என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அது ஃபிலிமா டேப்பா என்று பாருங்கள். ஆட்களின் அசைவு சினிமாபோல இருந்தால் ஃபிலிம். நேரடி ஒளிபரப்புபோல வழுவழுவென்று ஓடினால் டேப். ஃபிலிம் என்றால், 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தையதா பிந்தையதா என்று பாருங்கள். முந்தையது என்றால் தைரியமாக நம்பலாம். பிந்தையது என்றால், அதில் எவ்வளவு கணினிக் காட்சி இருக்கிறதோ அவ்வளவுக்குச் செலவு ஏறும். நீதிமன்றமும் மருத்துவமனையும் களமாக உள்ள தொடரை, விண்வெளித் தொடரைவிடச் சுலபமாக மீட்டுவிடலாம்.

அதுவரை கையில் இருக்கும் டிவிடியைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். திரையை நிரப்ப இழுக்காமல் 4:3 வடிவத்திலேயே விடுங்கள். அசைவுகளை வழுவழுப்பாக்கும் வசதி உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். படக்கூர்மையைக் கூட்டும் அளவை நன்றாகக் குறையுங்கள்; அது கூர்மையைத் தருவதில்லை, உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் போடுகிறது. பிறகு நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.